புழுக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கும் எந்திரம்

மார்கழி இரவுகளில் மாமல்லபுரம் கடற்கரையின் வெப்பநிலை 20, 21 டிகிரி வரை இறங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையோர விடுதி ஒன்றின் நீச்சல் குளத்தில் தண்ணீர் 24 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிம்மதியாக நீந்த 28 டிகிரி வேண்டும். குறைவது நான்கே டிகிரிதான். ஆனால் அந்த நான்கு டிகிரிக்குள் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 75,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை நான்கு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 350 யூனிட் ஆற்றல் வேண்டும். மின்கம்பிச் சுருளை வைத்துச் சூடாக்கினால் அத்தனை யூனிட்டும் மீட்டரில் ஓடும். ‘ஹீட் பம்ப்’ எனப்படும் வெப்ப இறைப்பி இதே வேலையைச் சுமார் 70 யூனிட்டில் முடித்துவிடும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016இல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டைவிட இது குறைவு! மீதி 280 யூனிட் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து.

குளிர்ந்த காற்றில் வெப்பம் ஏது? நிறையவே இருக்கிறது. வெப்பம் அடியோடு இல்லாத நிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 273 டிகிரியில்தான் வருகிறது. அங்கிருந்து பார்த்தால் நம் 22 டிகிரிக் காற்று 295 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஆனால் வெப்பம் தானாகப் பாய்வது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு மட்டுமே. 22 டிகிரிக் காற்றிலிருந்து 28 டிகிரித் தண்ணீருக்கு அதை மேடேற்ற ஒரு தந்திரம் வேண்டும்.

அந்தத் தந்திரம் ஆர்32 போன்ற ஒரு குளிர்பதன வாயுவில் இருக்கிறது. திறந்த வெளியில் இது பூஜ்ஜியத்துக்குக் கீழே 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் வளிமண்டலத்தைப்போல் 11 மடங்கு அழுத்தத்தில் வைத்தால் 10 டிகிரியில் கொதிக்கும். மின்விசிறி இழுக்கும் காற்று அதற்குச் சூடானதுதான். ஆகவே திரவம் காற்றின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியின் அழுத்தத்தை வளிமண்டலத்தைப்போல் 25 மடங்கு வரை ஏற்றுகிறது. இப்போது அது 40 டிகிரியிலேயே மீண்டும் திரவமாகிவிடும். அப்படித் திரவமாகும்போது சுமந்து வந்த வெப்பத்தைக் குளத்து நீரிடம் ஒப்படைக்கிறது. பிறகு ஒரு விரிவு வால்வு வழியே அழுத்தம் தளர்ந்து, அடுத்த சுற்றுக்குக் கிளம்புகிறது. வீட்டு ஏசியும் இதே சுற்றில்தான் ஓடுகிறது. அது தெருவில் கொட்டும் வெப்பத்தை இது குளத்தில் சேர்க்கிறது.

இந்த யோசனை பழையது. ஆஸ்திரியாவில் பீட்டர் வான் ரிட்டிங்கர் 1850களின் நடுவில் முதல் வெப்ப இறைப்பியை அமைத்தது எபென்ஸே உப்பாலைக்காக. கேளம்பாக்கம் உப்பளங்களில் வெயில் இலவசமாகச் செய்யும் வேலைக்கு அங்கே எந்திரம் தேவைப்பட்டது. சூரிக் நகரின் உள்ளரங்க நீச்சல் குளத்துக்கு 1941இலேயே வெப்ப இறைப்பி வந்துவிட்டது.

நம் கடற்கரையில் இந்த எந்திரத்துக்கு ஒரு கூடுதல் வரவு உண்டு. நம்மைப் பாடாய்ப் படுத்தும் புழுக்கம்தான் அது. கடலிலிருந்து ஆவியாகும்போது நீர் வாங்கிய வெப்பம் காற்றின் ஈரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. குளிர்பதன வாயு ஓடும் குளிர்ந்த குழாய்ச் சுருளான ‘காயிலில்’ பட்டு ஈரம் மறுபடி நீராகும்போது, லிட்டருக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக அந்த வெப்பம் வெளிவருகிறது. அதனால்தான் ஓடும் எந்திரத்தின் அடியில் தண்ணீர் சொட்டும். ஒழுகுகிறதோ என்ற சந்தேகம் வந்தால், சொட்டும் நீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்தால் போதும். இல்லையென்றால் அது காற்று தந்த நீர்.

அதே கடற்காற்று உப்பையும் கொண்டுவருகிறது. வெளிப்புறத் தகடுகளுக்குக் காப்புப் பூச்சு வேண்டும். அவ்வப்போது நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவவும் வேண்டும். உள்ளே குளோரின் கலந்த நீர் ஓடும் இடத்தில் தாமிரம் அரித்துவிடும் என்பதால் டைட்டானியம் குழாய் வைக்கிறார்கள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் இருக்கிறது. கீறல் விழுந்தால் அந்தப் படலம் தானே மீண்டும் வளர்ந்துகொள்ளும். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் கிடைக்கும் இல்மனைட், இந்த உலோகத்தின் தாதுதான்.

பொருத்துவதிலும் நுணுக்கங்கள் உண்டு. எந்திரம் திறந்த வெளியில் நிற்க வேண்டும். அடைத்த அறையில் வைத்தால் தான் துப்பிய குளிர்காற்றையே மறுபடி இழுத்துத் திணறும். புயல்காற்றுக்கு அசையாதபடி கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரை கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். எர்த் இணைப்பும் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம். தண்ணீர் பம்ப், ஃபில்டர், வெப்ப இறைப்பி, குளோரின் கருவி என்ற வரிசையில் ஓட வேண்டும். குளோரின் கருவி கடைசியில் இருந்தால்தான் அடர்ந்த குளோரின் எந்திரத்துக்குள் புகாது.

முதல் ஓட்டத்துக்குப் பொறுமை வேண்டும். வண்டியில் சாய்ந்து வந்த எந்திரத்தை ஒரு நாள் நிமிர்த்தி வைத்தால், கம்ப்ரஸரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். முதலில் தண்ணீரை ஓடவிட்டுக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். நீரோட்டம் இருப்பதை ஒரு சிறு சுவிட்ச் உறுதி செய்யாதவரை எந்திரம் கிளம்பாது. அதன் பிறகும் கம்ப்ரஸர் சில நிமிடங்கள் காத்திருக்கும். இருபுற அழுத்தமும் சமமானால்தான் அது சிரமமின்றிச் சுழலும். சற்று நேரத்தில் விசிறியிலிருந்து குளிர்காற்று வீசினால், வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். மணிக்கு 8,000 லிட்டர் ஓடினால், 20 கிலோவாட் எந்திரம் ஒரு சுற்றில் நீரைச் சுமார் இரண்டு டிகிரிதான் உயர்த்தும். குளம் 28 டிகிரியைத் தொட ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

காயிலில் வெப்பத்தைத் தரும் அதே இயற்பியல், குளத்தின் மேற்பரப்பில் அதைப் பறிக்கிறது. திறந்து கிடக்கும் குளத்தில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் 250 லிட்டர் போகும். அதோடு கிட்டத்தட்ட 170 யூனிட் வெப்பமும் போகும். எந்திரம் ஏற்றிய நான்கு டிகிரியில் ஏறக்குறைய பாதி அப்படியே பறந்துவிடும். ஆவியாவதைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போதும். வெப்ப இறைப்பி வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிட வேண்டும்.