விசாவுக்கு முன்னரே ஊசி

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் வெளிநாடு புறப்படும்போது நாயின் பேச்சு கடைசியில்தான் வரும். விசா கிடைத்து, பயணச்சீட்டு எடுத்து, வளவைப் பார்க்க ஆள் பிடித்த பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: “அப்ப ரைகரை ஆர் பாக்கிறது?” கேள்வி சரிதான், ஆனால் கேட்கும் நேரம் பிந்திவிட்டது. ரைகரையும் லண்டனுக்கோ சூரிச்சுக்கோ கூட்டிச் செல்வதென்றால் ஆயத்தத்தைக் குறைந்தது நான்கு மாதத்துக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும்.

அவகாசமில்லாமல் ஊர் பெயர்வது எப்படியென்று குடாநாட்டுக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் போரால் இரவோடிரவாக நாவற்குழிப் பக்கம் நடந்தார்கள். கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்குப் போனவர்கள் நாய்களையும் ஆடுமாடுகளையும் விட்டுவிட்டுத்தான் போக நேர்ந்தது. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்றைய புறப்பாடு அப்படியானதல்ல. விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்புக் காலத்தை நாய்க்கும் பயன்படுத்தினால் போதும்.

குருதியின் கணக்கு

இலங்கை நாயைப் பார்த்து வெளிநாடுகள் அஞ்சுவது விசர்நோய்க்காக. 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலைத்திட்டங்களால் அந்த எண்ணிக்கை இப்போது மிகவும் குறைந்திருக்கிறது. ஆனாலும் நோய் ஒழியவில்லை. ஆகவே பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும், சுவிஸ், நோர்வே போன்றவையும் ஊசிச் சான்றிதழை மட்டும் நம்புவதில்லை. நாயின் குருதியையே சாட்சி கேட்கின்றன.

முதற்படி மைக்ரோசிப். அரிசிமணி அளவான இந்தச் சில்லைத் தோள்பட்டைகளுக்கு இடையே தோலின் கீழ் ஊசியால் வைத்துவிடுவார்கள். அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். முதலில் சிப், பிறகு ஊசி என்ற ஒழுங்கு மாறினால் எல்லாம் வீண். சிப் வைத்த பிறகு, அல்லது அதே நாளில் போட்ட தடுப்பூசிதான் கணக்கில் சேரும். சிப் இல்லாத நாய்க்கு இலவச முகாமில் வருடாவருடம் ஊசி போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தாலும், எந்த நாய்க்குப் போட்ட ஊசி என்பதற்கு ஆதாரம் கிடையாது. குட்டியென்றால் 12 வாரம் ஆன பிறகே ஊசி.

ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரசு. உடலின் காவற்கலங்கள் அதன் துணுக்குகளை நிணநீர்க்கணுக்களுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. அங்கே அந்த வைரசுக்குப் பொருந்தும் கலங்கள் தெரிவாகிப் பெருகி, பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. இதற்கு வாரக்கணக்கில் செல்லும். அதனால்தான் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்தே குருதி எடுக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் அதைச் சோதித்து, ஒரு மில்லிலீற்றருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு பிறபொருளெதிரி இருப்பதாகச் சொல்ல வேண்டும்.

தேறிய பிறகும் உடனே பறக்க முடியாது. குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பலரைச் சினக்க வைக்கும் இந்தக் காத்திருப்புக்கு உயிரியற் காரணம் உண்டு. விசர்நோய் வைரசு குருதியில் ஓடித் திரிவதில்லை. கடிபட்ட இடத்துத் தசையில் பதுங்கியிருந்து, நரம்பு நுனிக்குள் புகுந்து, நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறுகிறது. நாய்களில் பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் வெளிப்படும். ஊசிக்கு முன்னரே கடிபட்ட நாயொன்று குருதிப் பரிசோதனையில் நல்ல முடிவு காட்டவும் கூடும். அந்தக் குருதி சொல்லாமல் விட்டதைக் காலம்தான் சொல்ல வேண்டும்.

எல்லா நாடுகளின் விதியும் ஒன்றல்ல. கனடா, உரிமையாளரோடு வரும் வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசிச் சான்றிதழை ஏற்கிறது. ஆனால் 2022 செப்ரெம்பர் 28 முதல், விசர்நோய் அபாயம் கூடிய நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக்கொடுக்கவோ நாய் கொண்டுவருவதைத் தடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. அவுஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேரே கொண்டுபோகவே முடியாது. அது அங்கீகரித்த இன்னொரு நாட்டில் நாய் பல மாதம் தங்கிய பின்னரே போகலாம். பிரித்தானியாவுக்கும் நோர்வேக்கும் செல்லும் நாய்க்கு, சென்றடைவதற்கு முந்திய 24 முதல் 120 மணித்தியாலத்துக்குள் மிருக வைத்தியர் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிய வேண்டும். கடைசியாக, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் ஏற்றுமதிச் சான்றிதழும் வேண்டும்.

கூடு பழகுதல்

கடதாசி வேலையை மனிதர் செய்துவிடலாம். கூட்டுக்குள் இருக்கவேண்டியது நாய். நம்மூர் நாய் வளவில் வளர்ந்தது. படலையடியில் படுத்து, மதிலோரம் ஓடி, வீதியில் போகிறவரையெல்லாம் குரைத்து விசாரித்த பிராணி. நான்கு சுவருக்குள் அடைபட்டு அதற்குப் பழக்கமே இல்லை. அதைப் பயண நாளில் முதன்முதலாகக் கூட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது பெருங்கொடுமை.

பயம் மூளையில் ஒரே தடவையில் பதிந்துவிடும். ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற அறிவு, திரும்பத் திரும்ப நடந்தால்தான் பதியும். ஆகவே கூட்டை மூன்று மாதத்துக்கு முன்னரே வாங்கி, கதவைக் கழற்றி, விறாந்தையில் வையுங்கள். அது படுக்கும் சாக்கை உள்ளே விரித்து, மீன் பிசைந்த சோற்றை முதலில் வாசலிலும் பிறகு உட்பக்கமும் வையுங்கள். தானாகவே போய்ப் படுக்கத் தொடங்கினால் கதவைத் திரும்பப் பொருத்திச் சில நிமிடம் சாத்துங்கள். பிறகு கால் மணி, அரை மணி, ஓர் இரவு. அதன்பின் கூட்டோடு வாகனத்தில் ஏற்றிச் சந்தி வரை ஒரு சுற்று. நாய் கூட்டுக்குள் மூச்சிரைத்து, வாய்நீர் வடித்து, கதவைப் பிறாண்டினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். முந்திய படிக்குத் திரும்புங்கள்.

கூட்டின் அளவுக்கு விமான நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. நாயை நிற்கவைத்து மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதனோடு முன்னங்கால் முழங்கை உயரத்தின் பாதியைக் கூட்டினால் நீளம். தோள் அகலத்தின் இருமடங்கு அகலம். நிற்கும்போது தலை அல்லது காது நுனி வரையான உயரத்தோடு விரிப்பின் தடிப்பைச் சேர்த்தால் கூட்டின் உயரம். நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்பக்கூடியதாக உட்புறம் பொருத்துங்கள்.

பூனைக்கு இன்னும் பொறுமை வேண்டும். நாய் ஆளைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்கோ இடம்தான் பெரிது. தன் கன்னத்தை உரசி மணம் வைத்த துணியோடு அது பயணம் செய்யட்டும். புதிய வீட்டிலும் கழுவாத அதே துணியோடு முதலில் ஓர் அறையில் மட்டும் விடுங்கள்.

ஏ9 முதல் ஆகாயம் வரை

விமானத்தைவிட ஆபத்தானது கட்டுநாயக்க விமான நிலையம் வரையான தரைவழி. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மனிதர் உடல் முழுதும் வியர்த்துக் குளிர்கிறோம்; நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான். நாக்கிலிருந்தும் மூச்சுப்பாதையிலிருந்தும் ஈரம் ஆவியாகும்போதே அதன் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதன் கூடினால் அந்த ஆவியாதல் குறையும். 38 முதல் 39 பாகை வரை இருக்கவேண்டிய உடல்வெப்பம் 41ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். ஆகவே இரவில் புறப்படுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். தேநீர் குடிக்க இறங்கும்போது பூட்டிய வாகனத்துக்குள் ஒருபோதும் விடாதீர்கள். கழுத்துப் பட்டியில் கயிற்றைக் கொழுவிய பிறகே கதவைத் திறவுங்கள். தெரியாத ஊரில் மிரண்டு ஓடிய நாய் பிடிபடாது.

தூக்க மருந்து கொடுத்தால் நிம்மதியாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடுக்கவே கூடாது. மயக்க மருந்துகள் குருதியழுத்தத்தைக் குறைத்து, உடல்வெப்பத்தைச் சீராக்கும் திறனையும் சமநிலையையும் கெடுக்கின்றன. மருந்தூட்டிய பிராணியை விமான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதும் அரிது. பிராணிகள் ஏற்றப்படும் பகுதியில் பயணிகள் பகுதிக்குச் சமமான காற்றழுத்தம் இருக்கும். ஆனால் அது தரைமட்ட அழுத்தமல்ல. 2400 மீற்றர் உயரம் வரையுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலை உச்சியே 2524 மீற்றர்தான். ஆரோக்கியமான நாய் இதைத் தாங்கும். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு இனங்களின் ஒடுங்கிய மூச்சுப்பாதைக்கு இது பெருஞ்சுமை. அவற்றை ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் பல.

கூட்டிச் செல்ல முடியாதபோது

முதுமை, இருதய நோய், சப்பை மூக்கு, செலவு என்று எதுவாவது தடுத்தால், விட்டுச் செல்வதும் அன்பான முடிவுதான். ஆனால் அதற்கும் இதே அவகாசம் வேண்டும். பார்க்கப்போகிறவர் சில வாரத்துக்கு முன்னரே வந்து தன் கையால் சோறு வைக்கட்டும். அவரது வீட்டில் அது ஓரிரவு, பிறகு இரண்டிரவு தங்கட்டும். கருத்தடையும் ஊசியும் முடித்து, அட்டையையும் அவர் கையில் கொடுங்கள். புறப்படும் அன்று காலையில் அடுத்த வீட்டில் கட்டிவிட்டுப் போகும் நாய் பெரும்பாலும் அன்றிரவே பழைய படலைக்குத் திரும்பும். பிறகு வீதி நாயாகும்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. ஐரோப்பிய நாடுகளுக்கான குருதிப் பரிசோதனையில் ஒருமுறை தேறிய நாய்க்கு, அதன்பின் விசர்நோய் ஊசியைத் தவணை தவறாமல் போட்டுவந்தால், அந்த முடிவு காலாவதியாவதில்லை. எனவே விசா வருமோ வராதோ என்று காத்திருக்கத் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு விண்ணப்பம் போடும் வாரத்திலேயே நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சிப்பும் ஊசியும் போடுவியுங்கள். பயணம் சரிவந்தால் அதற்கும் வழி திறந்திருக்கும். சரிவராவிட்டாலும் இழப்பில்லை: விசர்நோயிலிருந்து உங்கள் வீடும் ஒழுங்கையும் காப்பாற்றப்பட்டிருக்கும்.