உதவித்தொகையில் பிடித்தம்: எது முறை, எது முறையன்று

பாலாற்றங்கரையில் உள்ள ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள் என்பதை யாவரும் அறிவர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் வேலூர் மாவட்டத்தினின்று பிரிந்து அமைந்த திருப்பத்தூர் மாவட்டத்தில், ஒருவர் நிலத்தில் உழைக்க மற்றொருவர் தோல் ஆலைக்கோ காலணித் தொழிற்சாலைக்கோ செல்லும் குடும்பங்கள் பல உண்டு. இயந்திரத்தில் விரலை இழந்தவருக்குக் காப்பீட்டுப் பணம் வருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு உதவித்தொகை வருகிறது. இவர்கள் பஞ்சாயத்து உறுப்பினரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "எனக்குரிய பணம் குறைந்து வந்திருக்கிறதே, யார் பிடித்துக்கொண்டார்கள்?"

இதற்கு விடை கூறுமுன், குறைவு எவ்விடத்தில் நேர்ந்தது என்று காணல் வேண்டும். ஆணையிலேயே தொகை அவ்வளவுதானா? வங்கிக் கணக்கில் சேர்ந்த பின் குறைந்ததா? அல்லது கணக்கினின்று கைக்கு வரும் வழியில் குறைந்ததா? இதனை அறியாமல் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக அலைவதில் பயனில்லை.

முதலில் ஆலைத் தொழிலாளரின் கணக்கைப் பார்ப்போம். இ.எஸ்.ஐ. திட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் அடங்கியது. இதில் காயமுற்று வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவிகிதம் கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டால் முழு 90 சதவிகிதமும் கிடைப்பதில்லை. உழைத்துப் பொருளீட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவக் குழு கணிக்கும் விகிதப்படியே கிடைக்கும். கட்டைவிரல் ஒன்றை இழந்தால் 30 சதவிகிதம் என்றும், ஒரு கையின் நான்கு விரல்களை இழந்தால் 50 சதவிகிதம் என்றும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை வகுத்தது.

நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி பெற்றவர் கட்டைவிரலை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக் காலத்தில் நாளுக்கு 450 ரூபாய் வந்தது. பின்னர் அது 135 ரூபாயாகச் சுருங்குகிறது. அதாவது 450-இல் 30 சதவிகிதம். மாதம் 13,500 ரூபாய் பெற்றவர் 4,050 ரூபாயைக் கண்டு திகைப்பது இயல்பே. எனினும் இது பிடித்தமன்று, கணக்கீடு. அவர் மீண்டும் வேலைக்குச் சென்று முழுக் கூலி பெற்றாலும் இந்த 4,050 ரூபாய் நிற்காது. ஆயுள் முழுவதும் வரும். மருத்துவக் குழு இட்ட விகிதம் குறைவு என்று கருதினால், ஆணையில் கண்ட கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் சிகிச்சைக் காலத் தொகையைப் பெற்றுக்கொண்டே அந்நாட்களில் கூலிக்கும் வேலை செய்தவரிடமிருந்து, அந்நாட்களுக்குரிய தொகையைத் திரும்பப் பெற அதிகாரம் உண்டு. அதைப் பிடித்தம் என்று குறைகூற இயலாது.

வங்கிக் கணக்கில் நேரும் குறைவே பெரும்பாலோருக்கு விளங்காதது. மே மாத இறுதியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிக்கப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். இவை முறையே பிரதம மந்திரி ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளுக்குரிய ஆண்டுச் சந்தா. 2022 ஜூன் முதல் இந்த அளவில் உள்ளன. கணக்குத் தொடங்கிய நாளில் வைத்த கையொப்பத்தாலோ பெருவிரல் ரேகையாலோ இவற்றுக்குச் சம்மதம் பெறப்பட்டிருக்கலாம். வங்கியார் இதனைச் சிற்றெழுத்தில் அச்சிடுகின்றனர். நம்மவரோ பேரெழுத்தையும் படிப்பதில்லை! வேண்டாதவர் எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் 20 ரூபாய்ச் சந்தாவை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம் என்பது நமது யோசனை. விபத்தில் ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம் ரூபாயும், உயிர் நீத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் தரும் காப்பீடு அது. இரண்டு வங்கிகளில் இருமுறை சந்தா போகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு கட்டினாலும் காப்பீடு ஒன்றுதான்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் கழிப்பது வேறு. ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டில் வகுத்த 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என்பதில் இருப்பே தேவையில்லை. மாதம் நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். உதவித்தொகை பெறுவோர் தம் கணக்கு இவ்வகையா என்று கேட்டறிந்து, அன்றெனில் மாற்றித் தருமாறு எழுதிக் கொடுத்தல் நலம். மற்றக் கணக்குகளிலும் முன்னறிவிப்பும் ஒரு மாத அவகாசமும் தராமல் அபராதம் விதித்தல் கூடாது.

பழைய கடனுக்காக உதவித்தொகையை வரவு வைத்துக்கொள்வது மிகவும் வருந்தத்தக்கது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை முதன்முதலாகக் கணக்குகளில் சேர்ந்தபோது, சில வங்கிகள் அதனைச் சேவைக் கட்டணத்துக்கும் கடனுக்கும் நேர்செய்துகொண்டன என்று முறையீடுகள் எழுந்தன. அவ்வாறு செய்தல் கூடாது என அந்நாளில் நிதியமைச்சராயிருந்த தங்கம் தென்னரசு வங்கிகளுக்கு அறிவுறுத்தினார். மாற்றுத்திறனாளியின் உதவித்தொகை இவ்வாறு போனால், அந்நிகழ்ச்சியைச் சுட்டிக்காட்டி வங்கி மேலாளருக்கு எழுதலாம். இ.எஸ்.ஐ. பணத்தைப் பொறுத்தவரை, கடன் தீர்ப்பை நிறைவேற்றுவதற்கும் அதனை ஜப்தி செய்தல் கூடாதென 1948-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது.

இனி, ஊருக்குள் இயந்திரம் கொண்டுவந்து பணம் தரும் வங்கி முகவரைப் பற்றி. இவர் பயனாளியிடம் நேரடியாக ஒரு காசும் கேட்கக்கூடாது. அவருக்குரிய ஊதியத்தை வங்கி தருகிறது. ஆயினும் 'பெட்ரோல் செலவு', 'காகிதச் செலவு' என்று ஐம்பதோ நூறோ எடுப்பவர் எங்கேனும் இருப்பின், ஊரார் அதை வழக்கமென்று விட்டுவிடுதல் கூடாது. விரல் ரேகை தேய்ந்தவர்களையும் விரலிழந்தவர்களையும் இரண்டு மூன்று முறை அழுத்தச் சொல்லும்போது அதிகக் கவனம் வேண்டும். 'பதியவில்லை' என்று கூறப்பட்ட முறையிலும் பணம் கழிந்திருக்கக் கூடும். ஒவ்வொரு முறைக்கும் அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்குக.

பஞ்சாயத்து உறுப்பினர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் தம் வார்டில் உள்ள பயனாளிகளின் கணக்குப் புத்தகங்களைப் பதிவு செய்து வரச் சொல்லி, ஒவ்வொரு கழிவுக்கும் நேரே உள்ள குறிப்பைப் படித்துக் காட்டலாம். விளங்காத கழிவுக்கு விளக்கம் கேட்டு வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் மனுச் செய்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். முப்பது நாட்களில் விடை வராவிடினும், வந்த விடை திருப்தி அளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். 14448 என்ற தொலைபேசி எண்ணில் வழிமுறை கேட்கலாம். தொகையே கணக்குக்கு வராமல் நின்றிருந்தால் அது வங்கியின் விஷயமன்று. ஆணையின் நகலுடனும் கணக்குப் புத்தகத்துடனும் திங்கட்கிழமையன்று திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளிக்க வேண்டும்.