'எனக்கு எதுவும் வராது' என்கிறாளா உங்கள் மகள்?

பத்தாம் வகுப்பில் "என்ன ஆகப் போறே?" என்று கேட்டால் பட்டென்று பதில் சொன்ன பெண், பிளஸ் டூ வந்ததும் "தெரியல, எனக்கு எதுவும் வராது" என்கிறாள். மதிப்பெண் குறையவில்லை, தன்மேல் இருந்த நம்பிக்கைதான் குறைந்திருக்கிறது. காரணங்கள் பல இருக்கலாம். நள்ளிரவு வரை கையில் இருக்கும் போனையும் கொஞ்சம் கவனியுங்கள்.

செய்து பார்த்தால்தான் துணிவு

'என்னால் முடியும்' என்ற எண்ணத்தை வளர்ப்பவை எவை என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை ஆகிய நான்கைச் சொன்ன அவர், முதலாவதற்கே அதிக வலு என்றார். 1981-ல் நான்சி பெட்ஸ், கெயில் ஹேக்கெட் ஆகியோர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஆராய்ந்தபோது, ஆண்களுக்கு இணையான திறன் இருந்தும் 'ஆண்களின் வேலை' எனப்பட்டவற்றில் பெண்களுக்குத் தன்னம்பிக்கை குறைவாக இருந்தது.

போன் நுழையும் இடம்

கணக்கு ஒன்று வர மறுக்கிறது. மூன்றாவது நிமிடமே கை போனைத் தேடுகிறது. விடை சொல்லும் வீடியோவில் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது. மறுநாள் வகுப்புத் தேர்வில் அதே கணக்கு வரவில்லை. 'நமக்கு மேத்ஸ் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறாள். உண்மையில் அவள் இன்னும் முயலவே இல்லை! வீடியோ முடிந்ததும் ரீல்ஸ் வரிசைகட்டுகிறது. நீட் தேர்வில் சாதித்தவர் அதில் சிரிக்கிறார். அவர் தோற்ற தேர்வுகள் அதில் தெரிவதில்லை.

பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நள்ளிரவு வரை போன் பார்த்து அது கெட்டால் மறுநாள் கவனம் சிதறும், எரிச்சல் வரும். அந்தக் களைப்பைத்தான் அவள் தன் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறாள்.

பிடுங்கினால் தீராது

அண்ணன் போனை யாரும் கேட்பதில்லை, தங்கை போன் மட்டும் பீரோவுக்குப் போகிறது. இது அநியாயம். பொறியியல் கலந்தாய்வு, உதவித்தொகை, தேர்வு முடிவு எல்லாமே இன்று ஆன்லைனில்தான். போனைப் பிடுங்கினால் இந்த வழியும் அடைபடும். 'உன்னை நம்பவில்லை' என்பதும் அவளுக்குக் கேட்டுவிடும்.

அதற்குப் பதில், இரவில் அப்பாவின் போன் உட்பட எல்லாப் போன்களும் ஹாலில் சார்ஜ் ஏறட்டும். வீடியோவுக்கு முன் அரை மணி நேரம் பேப்பரும் பேனாவும் மட்டும். கல்லூரி விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அக்காவிடமோ வங்கி மேலாளரிடமோ அவள் நேரில் பேச ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் திக்கித் திணறிய கதையையும் சொல்வார்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.