என்ஜின் ஓடினால் மட்டும் போதாது

2008-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை உலுக்கிய மின்வெட்டை ஆற்காடு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பட்டறைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பாதி நாள் கரண்ட் இல்லை. டீசல் வெல்டிங் செட் வைத்திருந்தவருக்குத்தான் அப்போது வேலை. டேனரியில் டிரம்மின் இரும்புப் பட்டை விட்டுப்போனாலும், ராணிப்பேட்டை பெல் ஆலைக்கு உதிரி செய்துதரும் சிறு நிறுவனத்தில் அவசர வேலை வந்தாலும் அவரைத்தான் தேடினார்கள். கரண்ட் சீரானதும் அந்தச் செட்டுகள் தார்ப்பாய்க்குள் போய்விட்டன. மின் இணைப்பு இல்லாத மனையில் ஷெட் போடவும், பைப் இழுக்கவும் இப்போது அவற்றை மறுபடி வெளியே எடுக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் ஒன்றை மலிவாக வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்கும் இளைஞர்களும் உண்டு.

ஹேண்டில் போட்டுச் சுற்றி, புகை கக்கி, என்ஜின் பிடித்துக்கொண்டால் செட் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான். என்ஜின் ஓடுவதற்கும், அதோடு சேர்ந்த டைனமோ பாதுகாப்பாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. ஹோல்டரைப் பிடிக்கப்போகிறவரின் உயிர் டைனமோவின் வைண்டிங்கிலும் கேபிளிலும் இருக்கிறது.

செட்டைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எங்கே கிடந்தது என்பது. நம் பகுதியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. பச்சைத் தோலில் போடும் உப்பு காற்றில் தூளாகப் பறந்து இரும்பில் படிகிறது. மயிர் நீக்கும் சுண்ணாம்புக் குழிகளில் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கறுக்க வைக்கும். டேனரி மூலையில் மூன்று வருஷம் கிடந்த செட்டின் செம்பு இணைப்புகள், சாதாரண வீட்டுக் கொட்டகையில் பத்து வருஷம் கிடந்ததைவிட மோசமாக இருக்கலாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது தண்ணீர் புகுந்த இடத்தில் அது இருந்ததா என்பதையும் விசாரியுங்கள். உரிமையாளர் இதை மறைக்கக் கூடாது. பழுதுபார்ப்பவர் கேட்கத் தயங்கவும் கூடாது.

என்ஜின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நல்ல மெக்கானிக்குக்கு அது தெரிந்ததுதான். டேங்கில் கிடக்கும் பழைய டீசலை முழுக்க வடித்துவிட வேண்டும். அடியில் தண்ணீரும் வழவழப்பான கசடும் சேர்ந்திருக்கும். ஃபில்டரை மாற்றி, ஃபில்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து நாசில் என்று வரிசையாக ஏர் எடுக்க வேண்டும். பெட்ரோல் செட் என்றால், இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தனியாகத் தங்கும். கார்புரேட்டரைப் பிரித்தே ஆக வேண்டும். என்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. ஏர் கிளீனரிலும் சைலன்சரிலும் எலி வளையோ குளவிக்கூடோ இருக்கும். ரிங் ஒட்டியிருந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஒருநாள் ஊறவைத்து, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் எதிர்ப்பக்கம் இருக்கும் கட்டைவிரல்தான் முறியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. நீண்ட நாள் கிடந்த டீசல் பம்பில் ரேக் துருப்பிடித்து முழு டீசல் நிலையிலேயே சிக்கியிருக்கலாம். அப்படி இருந்து என்ஜின் பிடித்துக்கொண்டால் கவர்னரால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓட வேண்டியது கட்டுக்கடங்காமல் எகிறும். ஃப்ளைவீலோ டைனமோவின் சுழலும் பாகமோ சிதறினால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கடினம். ஸ்டாப் லீவரை அசைத்து, ரேக் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஹேண்டில் போட வேண்டும். காற்று போகும் வாயை அடைக்க ஒரு கட்டைப் பலகையும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும்.

அடுத்தது டைனமோ. என்ஜின் சீராக ஓடியும் ஹோல்டரில் கரண்டே வராவிட்டால் பலர் வைண்டிங் போய்விட்டது என்று உடனே ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிப்போகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கார்பன் பிரஷ் கூட்டுக்குள் சிக்கியிருக்கலாம், கம்யூட்டேட்டரிலோ ஸ்லிப் ரிங்கிலோ களிம்பு ஏறியிருக்கலாம். மெல்லிய மணல் காகிதத்தால் துடைத்தால் போதும். எமரி காகிதம் வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தி இடைவெளிகளில் தங்கிவிடும். அதுவும் சரியாக இருந்தால், சும்மா கிடந்ததில் இரும்பிலிருந்த மிச்சக் காந்தம் போயிருக்கக்கூடும். செட்டை நிறுத்தி, பிரஷைத் தூக்கிவிட்டு, ஏவிஆர் இருந்தால் அதைக் கழற்றிவைத்து, 12 வோல்ட் பேட்டரியைச் சரியான பிளஸ் மைனஸ் பார்த்து ஃபீல்டு காயிலில் சில விநாடி தொட்டு எடுத்தால் காந்தம் திரும்பும். இதைத் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். பிரஷ் இல்லாத சில செட்டுகளில் கெப்பாசிட்டர் இருக்கும். என்ஜின் நின்ற பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 500 வோல்ட் மெக்கர் வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே இன்சுலேஷன் பார்க்க வேண்டும். டயோடையும் ஏவிஆரையும் முதலில் பிரித்துவிட வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தச் செட்டில் ஒரு ராடுகூட எரிக்கக் கூடாது. மூடியைத் திறந்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, ஓரிரு நாள் காயவைத்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால்தான் ரீவைண்டிங். அரைமணி நேர வேலை இது. மெக்கர் இல்லாத பட்டறை, அதை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழைக்கலாம்; அதற்கான கூலி ஒரு பெரிய தொகையே இல்லை.

வெல்டிங் கரண்டில் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆர்க் பிடிக்காத நேரத்தில் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த தரையில், காய்ந்த கையுறையோடு பிடித்தால் அது பெரிதாகத் தெரியாது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் ஊறிய டேனரித் தரையில், வியர்வையில் நனைந்த சட்டையோடு, இரும்பு டிரம்முக்குள் உட்கார்ந்து ராடு மாற்றுகிறவருக்கு அதுவே உயிரைப் பறிக்கும். வெடித்த கேபிளுக்கு டேப் சுற்றி ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். செட்டில் 230 வோல்ட் பிளக் இருந்தால் அதற்கு லீக்கேஜ் பிரேக்கர் போடுங்கள். அந்தப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துக் கட்டடத்தின் மெயின் லைனில் சொருகும் பழக்கம் கொலைக்குச் சமம்: கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரைத் தாக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் செட்டை ஓட்டவும் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை.

செட் சரியானதும் எந்த வேலைக்கு அதைக் கொண்டுபோகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் ஏணி, குழாய், தின்னர் வைக்கும் அறை என்று வேலை வரும். சல்பைடு தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒன்றாகச் சேரும் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆபத்து. வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும், அது பேராபத்து. அந்த வாயு தீயும் பிடிக்கும். 2023 டிசம்பர் 27 அன்று சென்னை தண்டையார்பேட்டையில் இந்தியன் ஆயில் வளாகத்தில் எத்தனால் தொட்டியருகே வெல்டிங் வேலை நடந்தபோது ஏற்பட்ட வெடிப்பில் ஒரு வெல்டர் இறந்தார். பெரிய நிறுவனத்தின் வளாகத்திலேயே இப்படி என்றால், சிறு டேனரியில் வாயு அளக்காமல், வெளியே ஓர் ஆளை நிறுத்தாமல், வாய்வார்த்தையில் இறங்கச் சொல்வதை எப்படி ஏற்பது? எவர்சில்வர் வெல்டிங்கில் வரும் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. 2017-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. துணியால் மூக்கைக் கட்டினால் அந்தப் புகை நிற்காது.

ஆபத்தான இடத்தில் இறங்கச் சொன்னால் என்ன செய்யலாம்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளியிடமும், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லலாம். ஆபத்து உண்மை என்று கண்டால் முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும். வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதிப் படத்தோடு அனுப்பிவையுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் கேட்கும் வாசகம், "அவன்தான் கவனமில்லாமல் இருந்தான்" என்பது. தொழிலாளி இறந்திருந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமடைந்திருந்தாலோ அந்த வாதத்தைச் சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது. ஈ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் பலன் அதன் வழியாக வரும். இல்லாவிட்டால் முதலாளி தர வேண்டும்: மரணத்துக்கு மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 30 வயதுக்காரருக்கு அந்த எண் 207.98. மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வைத்தால் 15,59,850 ரூபாய். குடும்பத்தைக் கூப்பிட்டு இரண்டு லட்சம் கையில் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்கள். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் வட்டி உண்டு; தக்க காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. மனு போட இரண்டு ஆண்டு கால அவகாசம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து இறந்த 10 பேரில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்படிப்பட்ட குடும்பம் மனு போட இங்கே வந்து அலைய வேண்டியதில்லை, தான் வசிக்கும் இடத்திலேயே போடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லாத தொழிலாளி 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

சொந்தக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு இந்த வழி எளிதில் திறக்காது, அவர் யாருடைய தொழிலாளியும் இல்லை. ஆனால் அவருக்கு உதவியாக வரும் பையனுக்கு அவரே முதலாளி, பொறுப்பும் அவருடையது. வங்கிக் கணக்கு வழியாக வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். போதாத தொகைதான், ஆனாலும் இருவரும் சேர்ந்துவிடுங்கள்.

செட் வாங்கியோ பழுதுபார்த்தோ ஏமாந்தவருக்கும் வழி இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைக்க ஒருவர் வாங்கும் கருவி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் கொள்முதலாகவே கருதப்படும். டேனரி நிறுவனம் வணிகத்துக்காக வாங்கினால் அப்படிக் கருதப்படாது. பழைய பொருள் என்பதால் உரிமை போய்விடாது. "பொருளை உள்ளபடி விற்றேன்" என்று கடைக்காரர் சொன்னால், தண்ணீரில் மூழ்கியதில்லை, மெக்கர் இவ்வளவு காட்டியது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரீவைண்டிங் என்றால் செம்பா அலுமினியமா, எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய செம்பு உங்கள் சொத்து. எடை போட்டுக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது திருப்பி வாங்குங்கள். புகாருக்கு முதலில் 1915-ஐ அழைக்கலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை.

வேலையை முடித்துக் கொடுத்தும் நிறுவனம் பணத்தை இழுத்தடித்தால், உத்யம் பதிவு இருக்கும் சிறு பட்டறைக்கு 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டம் கைகொடுக்கும். 45 நாளுக்கு மேல் தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். பதிவு இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் இணையத்திலேயே முடித்துவிடலாம். அடுத்த வேலையை எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். வேலை முடிந்து தகராறு வந்த பிறகு செய்த பதிவு பழைய பாக்கிக்கு உதவாமல் போகலாம்.