அடங்காத விசிறி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் அடுக்களை தனிமனையாக நின்றது. புகை கூரையிடையாகவும் சாளரத்தூடாகவும் தன்பாட்டிற் போயிற்று. அதனைத் துரத்துதற்கென ஒரு பொறி வேண்டப்படவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிமனைகளில் வாழும் நம் பழைய மாணவர்க்கோ அவ்வாய்ப்பு இல்லை. அடுத்த வீட்டுச் சுவர் கைக்கெட்டுந் தொலைவில் நிற்கின்றது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மேல்மாடியில் இருப்பவருந் தும்முவர். ஆதலின் அடுப்பின்மேல் தொங்கும் புகையுறிஞ்சி விசிறி இன்று பல குசினிகளில் இடம்பெற்றுவிட்டது. (குசினி போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்; அடுக்களை, அட்டில் என்பன நம்முடையன. எனினும் மிளகாய்ப் புகை சொல்லாராய்ந்து வருவதன்று.)

இவ்விசிறி சுழலாதொழியின் எவரும் ஆளனுப்பித் திருத்துவிப்பர். சுழல்வது நில்லாதொழியின் யாது செய்வர்? பொத்தானை அழுத்துகின்றனர், விளக்கு அணைகின்றது, விசிறி மட்டும் இரைந்துகொண்டேயிருக்கின்றது. “ஓடத்தானே செய்கிறது, ஓடட்டும்” என்று விட்டுவிடுவார் பலர். அவ்வாறு விடுதல் தகாது என்பதையும், இக்குறை எவ்வாறு நேர்கின்றது என்பதையுமே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

நில்லாத விசிறிகள் யாவும் பழுதுற்றவை அல்ல. சில வகைகளில் வெப்பத்தை உணரும் உறுப்பொன்று உள்ளே அமைந்துள்ளது. அடுப்பின் அனல் அளவுக்கு மேற்பட்டால் அது விசிறியைத் தானே இயக்கும். சூடு தணியும்வரை பொத்தானுக்கு அடங்காது. வேறு சில வகைகள், அணைத்த பின்னரும் எஞ்சிய புகையை நீக்குதற்காகச் சில நிமிடம் ஓடி நிற்பன. அடுப்பை அணைத்துச் சிறிது பொறுத்தால் இவ்விருவகையும் தாமே ஓய்ந்துவிடும். விசிறியை அடுப்புக்கு மிக நெருக்கமாகப் பூட்டியிருப்பின் முதல்வகைத் தொல்லை நாடோறும் நேரும். அங்கே திருத்தப்பட வேண்டியது உயரமேயன்றி விசிறியன்று.

அடுப்பு ஆறிய பின்னரும் நில்லாதாயின் சுவரிலுள்ள ஆளியை அணைத்து, ஐந்து நிமிடங் கழித்து மீண்டும் இடுக. பொத்தான் எதனையும் தொடாதிருக்கவே விசிறி உடன் சுழலத் தொடங்கின், உள்ளே தொடுகை ஒன்று ஒட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் துணியலாம். பழந்தமிழில் ஆளி என்பது யானையையும் வெல்லும் விலங்கு. மின்னை ஆள்வது என்னும் பொருள்பட நம் பாடநூல்கள் சுவிற்சையும் ஆளி என்கின்றன. ஆளும் அதனையே எண்ணெய்ப் பசை ஆண்டுவிடுகின்றது என்பதுதான் இங்குள்ள செய்தி. தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி பொத்தானின் இடுக்கிற் படிந்து பிசினாக இறுகும்; அழுத்திய பொத்தான் மேலெழாது. கடலை அடுத்த வெள்ளவத்தை மனைகளில் உப்புக் காற்றும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். புதிய வகைகளில் ரிலே என்னும் சிறு மின்காந்த ஆளி உண்டு. அதன் தொடுமுனைகள் ஒவ்வொரு முறை கூடிப் பிரியும்போதும் நுண்பொறி தோன்றும். நாட்செல்ல அவை தீய்ந்து ஒன்றோடொன்று பற்றிவிடும். அந்நிலையில் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. பயனின்மை மட்டுமன்று, கேடும் உண்டு. பல மோட்டர்களில் வேகத்துக்கொரு மின்வழி அமைந்துள்ளது. விரைவுக்குரிய தொடுகை ஒட்டியிருக்க மெதுவேகப் பொத்தானையும் அழுத்தின், ஈரிடத்தும் ஒருங்கே மின் புகும். மோட்டர் உறுமிச் சூடேறும்.

இனி, ஓடட்டும் என விடலாகாமைக்குக் காரணம் கூறுவோம். தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியிட்டு மூடுதல் வேண்டும்; நீர் ஊற்றலாகாது. அவ்வேளை மேலே சுழலும் விசிறி சுவாலையை எண்ணெய் படிந்த குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். அதனை உடனே நிறுத்த இயலாத வீட்டில் தீ அடுப்போடு நில்லாது. சமையல் வாயுக் கசிவிலோ நிலை வேறு. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிற் பலவிடத்தும் நேர்ந்த வாயு வெடிப்புகளை எவரும் மறந்திரார். அவ்வாயு காற்றினும் பாரமானது. நிலத்தை அடுத்துத் தேங்கும். மேலே தொங்கும் விசிறி அதனை அகற்றும் என நம்பற்க. வாயு மணத்தால் எந்த ஆளியையும் இடவும் அணைக்கவும் வேண்டா. உருளையின் வாயை மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, வெளியேறுக. பின்னர், வாயு எட்டாத இடத்தில் பிரதான ஆளி இருப்பின் அதனை அணைக்கலாம்.

ஆயின் அழகு கருதி விசிறியின் இணைப்பை அலுமாரிக்குள் மறைத்துவிடும் வழக்கம் மாடிமனைகளிற் காணப்படுகின்றது. சுவராளி எங்குள்ளது என்று வீட்டாருக்கே தெரிவதில்லை. பகலிற் தனித்திருக்கும் முதிய தாயார் அலுமாரியினுட் கைவிட்டுத் தேடுவது எங்ஙனம்? அடுப்பின்மேற் கை நீட்டாது எட்டத்தக்க இடத்தில் அவ்வாளியை அமைப்பித்தல் வேண்டும். அதற்குரிய சுற்றுடைப்பான் எதுவென்று ட்றிப் சுவிற்சுப் பெட்டியில் தமிழில் எழுதி ஒட்டிவைத்தலும் நன்று.

திருத்தும் வேலையை மின்னியலாளரிடமே விடுக. விசிறி நின்றது என்பதனால் மின் அகன்றது எனக் கொள்ளலாகாது. ஆளியை உயிர்க்கம்பியில் இடாது நொதுமற்கம்பியில் இட்ட வீடுகளில், ஆளி அணைந்த பின்னரும் 230 வோல்ற்று உள்ளே காத்திருக்கும். ரிலே மட்டும் பழுதாயின் அதனை மாற்றினாற் போதும். முழுப் பலகையும் பழுதாகி, மாற்றுப் பலகை கிடையாதாயின், வேகந் தெரியும் எளிய சுழலாளி ஒன்றைப் பொருத்தி விசிறியைக் காத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் வடிதட்டை மாதம் ஒருமுறையேனும் சுடுநீரிற் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். நன்றாக உலர்த்திய பின்னரே மாட்டுக. ஈரத்தோடு மாட்டின் அந்நீர் பொத்தான்களுக்கே இறங்கும்.