ஒளியிலே தேயும் ஓவியம்



இருளடைந்த வகுப்பறை, சுவரிலே வெண்டுணி, 'கிளிக்' என்றோர் ஒலி. மறுகணம் எகிப்தின் கூர்நுதிக் கோபுரம் கண்முன் நிற்கும். சிலைட்டுப் படங்களை நம்மிற் பலர் இவ்வாறே கண்டிருப்போம். அவற்றைக் காட்டிய கருவியைப் பற்றியும், எஞ்சியுள்ள படங்களைப் பேணும் முறை பற்றியும் இன்று சிறிது நோக்குவோம்.

இக்கருவியின் மூதாதை மாயவிளக்கு. ஒல்லாந்து அறிஞர் ஐகன்சு 1659 ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தார். அக்காலத்திற் கண்ணாடியில் எழுதிய ஓவியங்களே காட்டப்பட்டன. 1936 இல் 35 மில்லிமீற்றர் கொடக்குரோம் வண்ணச்சுருள் வெளிவந்தபின், இல்லத்தாரும் தாம் எடுத்த படங்களைத் திரையிற் காணலாயினர். 1961 இல் வந்த 'கரோசல்' கருவியின் வட்டத்தட்டு 80 படங்களைத் தாங்கியது.

கருவி இயங்கும் முறை எளிது. மின்குமிழின் ஒளியைப் பின்னேயுள்ள குழிவாடி முன்னே திருப்புகிறது. திரட்டும் வில்லைகள் அவ்வொளியைப் படம் முழுவதும் சமமாகப் பாய்ச்சுகின்றன. முன்வில்லை உருவத்தைப் பெருக்கித் திரையில் வீழ்த்துகிறது. உருவம் தலைகீழாக வீழுமாதலின், படத்தையும் தலைகீழாகவே செருகுதல் வேண்டும். வெப்பத்தைத் தணிக்க வெப்பம் உறிஞ்சும் கண்ணாடியும் விசிறியும் உள்ளன. எனினும் ஒளியினால் வரும் கேடு முற்றும் நீங்குவதில்லை.

இதனை நான் பிந்தியே உணர்ந்தேன். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் எங்கள் பாடசாலையின் பழைய மண்டபப் படமொன்றை என்னிடம் ஒப்படைத்தார். மண்டபமோ இடிக்கப்பட்டுவிட்டது. ஆண்டுதோறும் அப்படத்தைத் திரையில் நிறுத்தி நெடுநேரம் விளக்கினேன். ஒருநாள் பார்க்கையில், ஓட்டுக் கூரையின் செம்மை வெளிறிப் போயிருந்தது. நான் போற்றிக் காட்டியதே அதனைத் தேய்த்துவிட்டது!

கொடக்குரோம் படம் இருளிற் பல்லாண்டு நிறம் மாறாது நிற்கும். எறிகருவியின் ஒளியிலோ விரைந்து வெளிறும். கொடக் நிறுவனம் 2004 இல் எறிகருவி உற்பத்தியை நிறுத்தியது. 2010 இறுதியுடன் கொடக்குரோம் சுருளைக் கழுவும் பணியும் முடிவுற்றது. ஆகவே, மூலப்படம் கெட்டால் கெட்டதே.

உங்கள் அலுமாரியிற் பழைய படங்கள் உளவாயின், முதலில் அவற்றை எண்ணிமப் பிரதியாக்குங்கள். மூலத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். பூஞ்சணம் படராதவாறு குளிர்ந்த, ஈரமற்ற, இருண்ட இடத்தில் வையுங்கள். எறிகருவியிற் காட்டவே விரும்பினால், ஒவ்வொரு படத்தையும் சில விநாடிகளே நிறுத்துங்கள். படத்தில் இருப்போர் யார், இடம் எது, ஆண்டு எது என்பவற்றை, அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நிறம் மங்கினும் அவ்வெழுத்து நின்று பேசும்.