வள்ளி வேஷம் கலைத்த பிறகு



பங்குனி பிறந்தால் நம்ம ஊர்களில் அம்மன் கோயில் திருவிழா. திருவிழா என்றால் ராத்திரி நாடகம். சோறு தின்ற கையோடு பாயும் போர்வையுமாகப் போய் முன்னால் இடம் பிடிப்போம். வள்ளி திருமணம் எத்தனை தடவை பார்த்திருப்போம்! நாரதரோடு வள்ளி தர்க்கம் பண்ணும் இடம் வந்தால் தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காரும். விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவோம். வள்ளியாக நின்ற அந்தப் பெண் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாள், கையில் எவ்வளவு கொண்டு போனாள் என்று நாம் கேட்டதே கிடையாது.

இந்த வருடம் கேட்டோம். காலை ஆறு மணிக்கு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபது வருடத்துக்கு மேலாக ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீ பார்ட். “ராத்திரி பூரா கை தட்டுறீங்க. எங்க ஊர்ல என்னை மகளிர் குழுவுல சேக்க மாட்டேன்னுட்டாங்க. கூத்தாடின்னு. உங்க ஊர்லயாவது சேப்பீங்களா?” என்று கேட்டார். எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரே கம்பெனி அல்ல. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீ பார்ட் ஒரு ஊரிலிருந்து, பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனி. ஒவ்வொருவரையும் ஒரு ராத்திரிக்கு என்று தனியாகப் பேசிக் கூப்பிடுவார்கள். அதனால்தான் ‘ஸ்பெஷல்’ என்ற பேர். ஒத்திகை கிடையாது. முருகனும் வள்ளியும் மேடையில்தான் முதல் தடவை பார்த்துக்கொள்வதும் உண்டு. பாட்டும் வசனமும் முழுசாக மனப்பாடம். எதிரில் நிற்பவர் எதைத் தூக்கிப் போட்டாலும் அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை இந்த வேலை. சும்மா நின்று சிரித்துவிட்டுப் போகிற காரியமா இது?

தேதி கிடைப்பது பங்குனியிலிருந்து ஆடி ஆவணி வரை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வேலை ஏது? அந்த மாதங்களில் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டு, சீசனில் அடைக்கிறார்கள். நடவும் அறுப்பும் இல்லாத மாதத்தில் நாம் படுகிற பாடுதான். ஒரு கணக்கும் சொன்னார் அந்த அக்கா. பேசின பணத்தில் வண்டிக்கு ஒரு பங்கு, துணைக்கு வருகிற அம்மாவுக்கு ஒரு பங்கு, சேலை, நகை, மேக்கப் சாமானுக்கு ஒரு பங்கு. “பஸ்ல போனா மிச்சம்தான். ஆனா வேஷக்காரின்னு தெரிஞ்சா பக்கத்து சீட்டுக்காரன் கை சும்மா இருக்காதே” என்றார்.

மேடையில் பெண்ணுக்கு முதலில் இடமே கிடையாது

அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள். நம்ம சிவாஜி கணேசனே சின்ன வயதில் சீதையாக நடித்தவர். சினிமாவிலும் அதே கதைதான். 1913-ல் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தபோது சந்திரமதி வேஷத்துக்குப் பெண் கிடைக்காமல், ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற ஆளுக்குச் சேலை கட்டி நிறுத்தினார். அதே வருடம் அவர் எடுத்த அடுத்த படத்தில்தான் துர்காபாயும் அவர் மகள் கமலாபாயும் நடித்தார்கள்.

கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் ஒரு அதிசயம் செய்தார். பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்க வெளியூரிலிருந்து தனி ரயிலே விட்டார்கள், ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று அதற்குப் பேர். அவ்வளவு சம்பாதித்தவர் கடைசிக் காலத்தில் மதுரையில் வறுமையில் இறந்தார்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் கதை வேறு மாதிரி. 1908-ல் பிறந்தவர். வீட்டில் அத்தனை கஷ்டம், ரயிலில் பாட்டுப் பாடிக் காசு வாங்கிய பிள்ளை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாடகத்துக்குக் கூட்டிப் போனார்கள். இலங்கைக்கு நாடகம் போட்ட இடத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு பழக்கம், பிறகு கல்யாணம். அவருக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருந்தார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933-ல் கிட்டப்பா இறந்தபோது அம்மாவுக்கு வயது 25. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, இனி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று ஒதுங்கிவிட்டார்.

அப்போதுதான் ‘பக்த நந்தனார்’ படத்துக்குக் கேட்டு வந்தார்கள். தயாரிப்பாளர் விடவில்லை. திரும்பிப் போகட்டும் என்று ஒரு லட்சம் கேட்டாராம், அவரும் சரி என்றாராம். 1935-ல் வந்தது படம். ஒரு பவுன் முப்பது ரூபாய்க்குள் விற்ற காலம் அது, கணக்குப் போட்டுப் பாருங்கள்! அதிலும் நந்தனாராக, ஆண் வேஷத்தில் நடித்தார். சபதமும் காப்பாற்றப்பட்டது. பிறகு ‘ஔவையார்’, ‘திருவிளையாடல்’ எல்லாம் நமக்குத் தெரிந்ததே. சட்ட மேலவைக்குப் போனார், 1970-ல் பத்மஸ்ரீ வாங்கினார். எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, கொடுமுடியிலேயே தன் பேரில் ஒரு சினிமா தியேட்டர் கட்டினார் என்பது. என்ன சம்பளம், என்ன வேஷம், யாரோடு நடிப்பது என்பதைத் தானே பேசி முடித்தவர் அவர். பாலாமணியும் சம்பாதித்தவர்தான், இவரும் சம்பாதித்தவர்தான்.

திருவையாற்று டி.பி. ராஜலட்சுமியையும் விட முடியாது. சிறு வயதிலேயே கட்டிக் கொடுக்கப்பட்டு, அந்த வாழ்க்கை நிலைக்காமல் அம்மாவோடு திருச்சிக்கு வந்து நாடகத்தில் சேர்ந்தவர். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’, அதில் கதாநாயகி இவர். 1936-ல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தானே எழுதி, இயக்கி, தயாரித்தார். தமிழில் முதல் பெண் இயக்குநர்.

அப்புறம் நம்ம ஆச்சி மனோரமா. மன்னார்குடியில் பிறந்து, அப்பா கைவிட்டதால் அம்மாவோடு பள்ளத்தூர் வந்து சேர்ந்தவர். அம்மா வீட்டு வேலை பார்த்தார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு 12 வயதில் மேடை ஏறினார். 1958-ல் ‘மாலையிட்ட மங்கை’யில் காமெடி வேஷம் கொடுத்த கண்ணதாசன், கதாநாயகி என்றால் நாலைந்து வருடம், காமெடி என்றால் காலத்துக்கும் நிற்கலாம் என்று சொன்னாராம். அது பலித்தது. ஆயிரம் படத்துக்கு மேல் நடித்து கின்னஸில் பேர் வந்தது. 2015-ல் இறக்கும்வரை ஆச்சிதான். ஆனால் அந்தப் பேச்சை யோசித்துப் பாருங்கள். அறுபது வயது நாயகனுக்கு இருபது வயது ஜோடி என்றால் நாமும் விசில் அடிக்கிறோம். முப்பத்தைந்து தாண்டிய நடிகைக்கு அம்மா வேஷம் என்றால் சரிதான் என்கிறோம்.

கல்லடி பட்டவர்

பி.கே. ரோசி பேர் நம்மில் பலருக்குத் தெரியாது. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ படத்தில் நடித்தவர். கூலி வேலை செய்த தலித் குடும்பத்துப் பெண். படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார், அதுதான் குற்றம். திருவனந்தபுரத்தில் படம் ஓடியபோது மேல்சாதிக்காரர்கள் திரையின் மேல் கல் எறிந்தார்கள். அவர் ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. நாகர்கோவில் பக்கம் வந்து, ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு, ராஜம்மாள் என்ற பேரில் கடைசிவரை வாழ்ந்தார். பிறகு ஒரு படத்திலும் நடிக்கவில்லை.

அதே கேரளத்தில் 2017-ல் ஒரு நடிகையைக் காரில் கடத்திக் கொடுமை செய்த பிறகு, நடிகைகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். அவர்கள் கேட்டதால் அரசு, நீதிபதி ஹேமா தலைமையில் கமிட்டி போட்டது. நடிகை சாரதாவும் அதில் ஒருவர். 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. ராத்திரி கதவைத் தட்டும் ஆட்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். படிக்காத இன்னொன்று, படப்பிடிப்பு இடங்களில் கக்கூஸ் இல்லை. பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கடத்துகிறார்கள், நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. துணை நடிகைகளுக்குப் பேசின கூலி முழுசாகக் கைக்கு வருவதில்லை. கரும்பு வெட்டப் போன நமக்கும் சித்தாள் வேலைக்குப் போன நமக்கும் இது புதுசா?

ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிராக 2013-ல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் கமிட்டி இருக்க வேண்டும். அப்படிக் கமிட்டி இல்லாத சின்ன இடம், வீட்டு வேலை என்றால் மாவட்ட அளவிலான கமிட்டியில் புகார் கொடுக்கலாம், கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நாடகக் கலைஞர்களும் பதிவு செய்துகொள்ள நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. வயதாகி நலிந்தவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். உங்கள் ஊரில் ஆட்டத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி யாராவது இருந்தால் சொல்லுங்கள், மனு எழுதிக் கொடுப்போம்.

அந்த அக்கா விஷயத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வைத்தோம். சீசனில் ராத்திரி வேலை, வாரக் கூட்டத்துக்கு எப்படி வருவார் என்று ஒரு தோழி கேட்டார். மத்தியானத்தில் கூட்டம் வைக்கலாமே என்றார் இன்னொருவர். சீசனில் கூடுதலாகச் சேமித்து, மழை மாதத்தில் கடன் தவணையைக் குறைத்துக் கட்டலாமா என்றும் பேச்சு வந்தது. “ஊர்ல என்ன சொல்லுவாங்க” என்றும் ஒரு குரல் கேட்டது, மறைக்கவில்லை. முடிவு எடுக்காமல்தான் எழுந்தோம். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பொருளாக அதை எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குழுவும் பேசிவிட்டு வாருங்கள். அக்காவின் போன் நம்பர் எங்களிடம் இருக்கிறது.